மென்மையான லென்ஸ் வைத்தால் கண்ணாடி இல்லாமல் தைக்க முடியுமா?

ஈரோடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தையற்கடை நடத்தும் 58 வயதுச் சகோதரி ஒருவர், தம் கண் பரிசோதனைச் சீட்டின் நகலையும் இணைத்து விரிவாகக் கடிதம் எழுதியிருக்கிறார். 11 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துவருகிறார். இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது. பார்வை வலது கண்ணில் 6/24, இடது கண்ணில் 6/18 (இயல்பான பார்வை 6/6). கருநீல நூலுக்கும் கறுப்பு நூலுக்கும் வித்தியாசம் தெரியாமல், வாடிக்கையாளர் ஒருவரின் கறுப்பு ரவிக்கைக்கு நீல நூலில் ஹெம்மிங் செய்துகொடுத்திருக்கிறார். அது திரும்பி வந்த பிறகே மருத்துவமனைக்குப் போனாராம்.

அங்கே அறுவை சிகிச்சை செய்துகொள்ளச் சொல்லி, ஒரு கண்ணுக்கு மூன்று ‘பேக்கேஜ்’ காட்டியிருக்கிறார்கள்: இந்தியத் தயாரிப்பு மடக்கு லென்ஸ் ரூ.28,000, வெளிநாட்டு மடக்கு லென்ஸ் ரூ.46,000, கண்ணாடியே தேவைப்படாது என்று சொல்லப்பட்ட மல்டிஃபோக்கல் ரூ.95,000. வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. இயற்கை லென்ஸைப் போலவே தானாகக் குவியும் ஜெல் லென்ஸ் சீக்கிரமே வரப்போகிறது, இரண்டு மூன்று ஆண்டு பொறுக்கலாம் என்கிறார் சென்னையில் வேலை பார்க்கும் மகன். புரை நன்றாக முற்றட்டும், வெயில் காலத்தில் மட்டும் வேண்டாம் என்கிறார் மாமியார். கணவரின் அண்ணனுக்கு 1998இல் ஒரு முகாமில் வைத்த கெட்டி லென்ஸ் இன்றும் நன்றாக இருப்பதால், மென்மையான லென்ஸ் சில ஆண்டுகளில் நைந்துபோகுமோ என்ற பயம் சகோதரிக்கு. தீபாவளித் தையலுக்குள் வேலைக்குத் திரும்ப முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் காத்திருக்கலாமா என்பதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லா முடிவும் அதைப் பொறுத்தவை. காத்திருக்க வேண்டாம். புரை முற்றிய பிறகே எடுக்க வேண்டும் என்று உங்கள் மாமியார் சொல்வதைத் தவறு என்று தள்ளிவிட மாட்டேன். அவர் இளவயதில் கேட்டபோது அது சரியான அறிவுரைதான். அந்தக் காலத்தில் லென்ஸை அதன் உறையோடு சேர்த்து முழுதாக வெளியே எடுத்தார்கள். உள்ளே வைக்க மாற்று லென்ஸ் கிடையாது. அறுவைக்குப் பிறகு தடித்த பூதக்கண்ணாடி போட வேண்டியிருந்தது. அத்தகைய பார்வைக்காகச் சுமாராகத் தெரியும் கண்ணில் கை வைப்பதில் பொருளில்லை என்பதால் முற்றும்வரை காத்திருந்தார்கள். இன்று நிலைமை தலைகீழ். புரை கெட்டிப்பட்டால் அதை உடைத்து உறிஞ்ச அல்ட்ராசவுண்ட் ஆற்றலை அதிகம் செலுத்த வேண்டும். அதனால் கண்ணின் முன்புறத்தில் ஒளி புகும் படலமான கருவிழியின் உட்பக்கத்தில் இருக்கும், ஒருமுறை அழிந்தால் மீண்டும் வளராத செல்கள் கூடுதலாகச் சேதமாகும். உங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சர்க்கரை நோயாளியின் விழித்திரையை ஆண்டுக்கு ஒருமுறையாவது பார்த்தாக வேண்டும். புரை அடர்ந்துவிட்டால் மருத்துவருக்கு அது தெரியாமல் போகும்.

நிறத்தைப் பற்றி நீங்கள் எழுதியது எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. முதிரும் லென்ஸ் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, நீல ஒளியைத்தான் முதலில் தடுக்கும். அதனால்தான் கருநீலம் கறுப்பாகத் தெரிந்தது. கவனக்குறைவு என்று உங்களையே நொந்துகொண்டிருக்கிறீர்கள். அது கண்ணின் குறை, உங்கள் குறையன்று. முதல் கண் முடிந்ததும் அந்தக் கண்ணில் வெள்ளைத் துணி இலேசான நீலச் சாயலோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். நாளடைவில் மூளை அதற்குப் பழகிவிடும்.

மென்மை எதற்காக?

உங்கள் கடிதத்தில் உள்ள பெரிய குழப்பம் இதுதான். மென்மையான லென்ஸ் என்றதும், அது கண்ணுக்குள் நெகிழ்ந்து தூரத்துக்கும் கிட்டத்துக்கும் மாறிக்கொள்ளும் என்று மகன் எண்ணுகிறார். மென்மையானது என்பதால் நைந்துபோகும் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். இரண்டும் சரியில்லை. லென்ஸ் மென்மையாக இருப்பது சிறிய துளை வழியாக உள்ளே போவதற்காகவே.

கண்ணுக்குள் செயற்கை லென்ஸை முதன்முதலில் பொருத்தியவர் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பணியாற்றிய ஹரால்ட் ரிட்லி, ஆண்டு 1949. இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த விமானக் கூண்டின் அக்ரிலிக் துணுக்குகள், உள்ளேயே தங்கியும் கண்ணைப் புண்ணாக்காததை அவர் கவனித்திருந்தார். அந்த வகைப் பிளாஸ்டிக்கில்தான், சுருக்கமாகப் பி.எம்.எம்.ஏ. எனப்படும் கெட்டிப் பொருளில்தான், லென்ஸ் செய்தார். உங்கள் கணவரின் அண்ணனுக்கு முகாமில் வைத்ததும் பெரும்பாலும் அதே பொருளாகத்தான் இருக்கும். நல்ல பொருள், ஆனால் அது மடங்காது. 6 மி.மீ. அகல லென்ஸ் உள்ளே போக ஏறத்தாழ 6 மி.மீ. வெட்டு வேண்டும். அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் கெல்மன் 1967இல், புரையைச் சுமார் 3 மி.மீ. துளை வழியாகவே உடைத்து உறிஞ்சும் ஃபேக்கோ முறையைக் கொண்டுவந்தார். அதன் பிறகும் லென்ஸ் வைப்பதற்காக அதே துளையைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. மடித்துச் செலுத்தும் லென்ஸுக்கான தேடல் இங்கிருந்து வந்தது: 1980களில் சிலிக்கோன், 1990களில் மென் அக்ரிலிக். இன்று 2.2 முதல் 2.8 மி.மீ. துளை போதும். தையல் பெரும்பாலும் தேவைப்படாது, கருவிழியின் வளைவும் அவ்வளவாக மாறாது.

பொருத்தும் விதத்தைச் சொன்னால் உங்கள் பயம் குறையும் என்று நினைக்கிறேன். லென்ஸின் நடுவே 6 மி.மீ. அகலமுள்ள வட்டம், அதன் இருபுறமும் வளைந்த இரண்டு கைகள், ஒரு கையின் நுனியிலிருந்து மறு கையின் நுனி வரை சுமார் 13 மி.மீ. வழுவழுப்பான ஜெல் தடவிய மெல்லிய பிளாஸ்டிக் குழலில் அதை வைத்து மெதுவாகத் தள்ளினால் சுருண்டபடி கண்ணுக்குள் நுழையும். புரையை எடுத்த பிறகு, இயற்கை லென்ஸின் உறை ஒரு காலிப் பையாக உள்ளே நிற்கும். அதன் பின்சுவர் சில மைக்ரான் மட்டுமே தடிமனுள்ளது. முன் கை அந்தப் பையின் விளிம்புக்கு அடியில் போகும். பின் கையை நாங்கள் மெல்லச் சுழற்றி உள்ளே விடுவோம். கண்ணின் வெப்பத்தில் லென்ஸ் விரிந்து கைகள் பையில் ஊன்றிக்கொள்ளும். அறுவை அரங்கம் அதிகம் குளிர்ந்திருந்தால் இந்த அக்ரிலிக் விறைத்துக்கொள்ளும் என்பதால், லென்ஸைச் சற்று வெதுவெதுப்பாக்கிச் செலுத்தும் வழக்கமும் உண்டு. பி.எம்.எம்.ஏ. இளகுவதற்கு 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் போக வேண்டும். மென் அக்ரிலிக்கோ அறை வெப்பத்தை ஒட்டியே இளகும்படி கலவை செய்யப்பட்டது.

விரிந்து அமர்ந்த பிறகு அது அசைவதில்லை, உரசுவதில்லை. தேய்வதற்கு அங்கே எதுவும் இல்லை. 20 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதும் வெறும் பேச்சுதான். ஆயுள் முழுவதும் இருக்கும் என்ற நோக்கத்தில்தான் வைக்கிறோம்.

எந்தப் பொருள், எந்த விளிம்பு?

எல்லா மென்மையும் ஒன்றல்ல. உங்களைப் போன்ற சர்க்கரை நோயாளிக்கு இது முக்கியம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். மடக்கு லென்ஸ்கள் மூன்று பொருள்களில் வருகின்றன: சிலிக்கோன், நீர் உறிஞ்சும் அக்ரிலிக், நீர் உறிஞ்சாத அக்ரிலிக். சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதித்தால், பிற்காலத்தில் விழித்திரை அறுவை தேவைப்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட உங்களுக்குக் கூடுதல். அந்த அறுவையில் சில சமயம் கண்ணுக்குள் சிலிக்கோன் எண்ணெயோ வாயுவோ நிரப்புவார்கள். சிலிக்கோன் லென்ஸின் மேல் அந்த எண்ணெய் ஒட்டிக்கொண்டு விலகாது. நீர் உறிஞ்சும் அக்ரிலிக்கில், குறிப்பாக வாயு பட்ட கண்களில், கால்சியம் படிந்து லென்ஸே மங்கிய நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அப்போது லென்ஸையே எடுத்து மாற்ற நேரிடும். நீர் உறிஞ்சாத அக்ரிலிக்கில் நாளடைவில் நுண்ணிய நீர்த்துளிகள் மின்னுவதுண்டு என்றாலும், அவை பார்வையைக் கெடுப்பது அரிது. ஆகவே உங்கள் கண்ணுக்கு நான் தேர்ந்தெடுப்பது நீர் உறிஞ்சாத அக்ரிலிக். மற்ற இரண்டும் தரக்குறைவானவை என்று இதற்குப் பொருளில்லை.

அடுத்தது விளிம்பு. ‘புரை மறுபடி வளர்ந்துவிட்டது’ என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எடுத்த புரை திரும்ப வராது. பையின் ஓரத்தில் தங்கிவிட்ட சில செல்கள் பின்சுவரின் மேல் பரவி அதை மங்கலாக்கும். அவருக்கு நடந்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். லென்ஸின் பின்விளிம்பை உருண்டையாக விடாமல் கூர்மையான சதுர விளிம்பாக வெட்டினால், அது பையின் பின்சுவரில் அழுந்தி அந்தச் செல்களின் பாதையை மறிக்கும். லென்ஸ் வடிவமைப்பில் பார்ப்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த மாற்றம், நோயாளிகளுக்குப் பெரிய நன்மை செய்த மாற்றங்களுள் ஒன்று என்பேன். இவ்வளவுக்குப் பிறகும் மங்கல் வந்தால், யாக் லேசரால் பின்சுவரின் நடுவே ஒரு திறப்புச் செய்வார்கள். சில நிமிட வேலை, கத்தி கிடையாது. விழித்திரை பாதிக்கப்படும் சிறிய அபாயம் அதிலும் உண்டு என்பதால், உண்மையில் மங்கல் இருந்தால் மட்டுமே செய்துகொள்ளுங்கள்.

இந்தியத் தயாரிப்பு என்பதாலேயே குறைவாக எண்ண வேண்டாம். அரவிந்த் கண் மருத்துவமனையை ஒட்டி மதுரையில் 1992இல் தொடங்கப்பட்ட ஆரோலேப், அன்று எளியவர்களுக்கு எட்டாத விலையில் இருந்த செயற்கை லென்ஸை மிகக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தது. அதன் லென்ஸ்கள் பல நாடுகளுக்கும் போகின்றன. உங்கள் முதல் இரண்டு பேக்கேஜும் ஒரே தூரத்துக்குக் குவியும் லென்ஸ்கள்தாம். பொருளும் விளிம்பும் ஒரே வகையாக இருந்தால், ரூ.18,000 கூடுதலாகக் கொடுப்பதற்குத் தகுந்த வித்தியாசம் பார்வையில் தெரியும் என்று என்னால் சொல்ல முடியாது.

தானாகக் குவியும் ஜெல் லென்ஸ்

மகன் படித்தது கற்பனை இல்லை. காலிப் பையில் மென்மையான ஜெல்லை நிரப்பினால் இளவயதைப் போலக் குவியாதா என்று 1960களிலேயே முயன்று பார்த்தார்கள். முன்னும் பின்னும் நகரும்படி கீல் வைத்த சிலிக்கோன் லென்ஸ் ஒன்றுக்கு அமெரிக்காவில் 2003இல் அனுமதியும் கிடைத்தது. ஆனால் கிட்டப் பார்வையில் அது தந்த பலன் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. உள்ளே திரவம் நிரம்பிய லென்ஸ்களும் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டுள்ளன. சிக்கல் பெரும்பாலும் பையில்தான் இருக்கிறது. அறுவைக்குப் பிறகு பை சுருங்கி, தழும்பேறி, விறைக்கும். எவ்வளவு மென்மையான லென்ஸை வைத்தாலும் இயற்கை லென்ஸைக் குவியச் செய்யும் கண் தசையின் இழுப்பு அதைச் சென்று சேர்வது குறைந்துவிடும். ஜெல்லை நிரப்புவதானால் அது கசியாமல் பையை அடைக்க வேண்டும். பவர் சரியாக அமைய எவ்வளவு நிரப்புவது என்று கணிக்க வேண்டும். பின்சுவர் மங்கினால், ஜெல் வெளியேறாமல் லேசர் செய்வது எப்படி என்றும் பார்க்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் தீர்வு வரும் என்று நானும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். ஆனால் நாள் குறிக்கப்படாத ஒரு லென்ஸுக்காக, இன்று நூலின் நிறம் தெரியாத கண்ணோடு நீங்கள் காத்திருக்கக் கூடாது.

மல்டிஃபோக்கல் உங்களுக்குப் பொருந்துமா?

மல்டிஃபோக்கல் லென்ஸ் கண்ணுக்குள் வரும் ஒளியைத் தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். பங்கிடுவதால் ஒவ்வொரு தூரத்திலும் காட்சியின் அழுத்தம் சற்றுக் குறையும்; இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். ஆரோக்கியமான விழித்திரை உள்ளவர்களில் பலர் இதற்குப் பழகி மகிழ்ச்சியாகவே இருக்கிறார்கள். ஆனால் கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் ஹெம்மிங் போடுபவருக்கு அந்த அழுத்தம்தான் உயிர்நாடி. அதோடு, சர்க்கரையால் விழித்திரையின் மையமான மாகுலா பின்னாளில் வீங்கினால், ஏற்கெனவே குறைந்த அழுத்தம் இன்னும் குறையும். நீங்கள் அனுப்பிய சீட்டில் மாகுலாவின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓ.சி.டி. ஸ்கேன் இல்லை. அதைப் பார்க்காமலே உங்களிடம் மல்டிஃபோக்கலைப் பேசியது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஸ்கேன் சுத்தமாக வந்தாலும், 11 ஆண்டுச் சர்க்கரையையும் உங்கள் தொழிலையும் சேர்த்துப் பார்த்து, வேண்டாம் என்றே சொல்வேன்.

கருவிழி வளைவில் உங்களுக்கு இருக்கும் வித்தியாசம் 0.5 மட்டுமே என்று சீட்டில் உள்ளது. ஆகவே அந்த வித்தியாசத்தைச் சரிசெய்யும் டாரிக் லென்ஸும் தேவையில்லை.

அப்படியானால் கண்ணாடி போட்டுக்கொண்டேதான் தைக்க வேண்டுமா? அவசியமில்லை. பேக்கேஜ் பேசும்போது யாரும் உங்களிடம் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது, அதற்குக் கூடுதல் செலவும் கிடையாது. வழக்கமாக ஒற்றைக் குவிய லென்ஸின் பவரைத் தூரப் பார்வைக்கு ஏற்றபடி கணக்கிடுவார்கள். பிறகு கிட்டத்து வேலைக்குக் கண்ணாடி வேண்டும். அதே லென்ஸின் பவரைக் கிட்டத்துக்கு ஏற்றபடியும் தேர்ந்தெடுக்கலாம். அறுவைக்குப் பின் கண் மைனஸ் 2.5 அளவில் நிற்கும்படி வைத்தால், சுமார் 40 செ.மீ. தூரத்தில், ஊசியும் துணியும் இருக்கும் இடத்தில், கண்ணாடி இல்லாமல் தெளிவு கிடைக்கும். பேருந்தின் பெயர்ப்பலகைக்கும் தொலைக்காட்சிக்கும் கண்ணாடி போட வேண்டும். நாளில் பெரும்பகுதி மெஷினுக்கு முன்னால் உட்காரும் ஒருவருக்கு இது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. ஒரு கண் தூரத்துக்கும் மறு கண் கிட்டத்துக்கும் என்று பிரித்து வைக்கும் முறையும் உண்டு. அதற்கு எல்லோராலும் பழக முடிவதில்லை, நுண்ணிய வேலைக்கு இரு கண்ணும் சேர்ந்து உழைப்பதே நல்லது. எதைத் தேர்ந்தாலும் முதல் கண்ணுக்கு முன்பே முடிவு செய்யுங்கள், இரண்டாவது கண் அதற்கு ஒத்துப்போக வேண்டும். கணக்கிலிருந்து 0.5 அளவு விலகுவது இயல்பு. ‘ஒருபோதும் கண்ணாடி வேண்டாம்’ என்று யார் வாக்குக் கொடுத்தாலும் நம்ப வேண்டாம்.

இந்தக் கணக்குக்கு அடிப்படை கண்ணின் நீளம். அதை அளப்பதில் 1 மி.மீ. பிசகினால் பவர் 2.5க்கு மேல் தவறிப்போகும். அளவு எடுக்காமல் ரவிக்கை வெட்டுவது போன்றதுதான் அது. ஒளியால் அளக்கும் கருவி மிகத் துல்லியமானது, ஆனால் புரை அடர்ந்துவிட்டால் அதன் ஒளி ஊடுருவாது. முற்றும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

மாகுலா ஸ்கேனையும் விழித்திரைப் பரிசோதனையையும் முதலில் கேளுங்கள். வீக்கம் இருந்தால் அதற்கு ஊசி மருந்து போட்டுக் கட்டுப்படுத்திய பிறகு புரைக்கு வரலாம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் எடுத்துச் செல்லுங்கள்.

லென்ஸின் நிறுவனம், மாடல், பொருள், விளிம்பு, பவர் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். அறுவைக்குப் பிறகு, லென்ஸ் டப்பாவில் உள்ள வரிசை எண் கொண்ட ஸ்டிக்கரை உங்கள் சீட்டில் ஒட்டித் தர வேண்டும்; அதைப் பத்திரப்படுத்துங்கள். மஞ்சள் நிற லென்ஸ் மாகுலாவைக் காக்கும் என்று சொன்னால், அதற்கு உறுதியான சான்று இல்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் நிறமற்ற லென்ஸே நூலின் நிறம் பார்க்கும் உங்களுக்குப் போதும்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் விளக்கச் சொல்லி, புரிந்த பிறகே கையெழுத்திடுங்கள். உங்கள் மருத்துவப் பதிவுகளை நீங்கள் கேட்டால், இந்திய மருத்துவக் கழகத்தின் 2002 நெறிமுறை விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்; அவற்றை எடுத்துக்கொண்டு வேறொரு மருத்துவரைப் பார்ப்பதில் தயக்கமே வேண்டாம். காப்பீடு இருந்தால் புரைக்கென்று உச்சவரம்பு உண்டா என்று முன்பே விசாரியுங்கள். ரூ.28,000கூடச் சுமை என்றால், அரசு மருத்துவமனைகளில் லென்ஸோடு இலவசமாகச் செய்கிறார்கள். அங்கே சற்றுப் பெரிய வெட்டில் கெட்டி லென்ஸ் வைத்தாலும், உங்கள் கணவரின் அண்ணனைப் போல நல்ல பார்வை கிடைக்கும்.

எப்போது?

வெயில் காலத்தில் கூடாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. கண்ணில் வியர்வையும் தூசியும் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். தீபாவளித் தையல் சூடுபிடிக்கும் முன் இரு கண்ணும் தேற வேண்டுமானால், வைகாசியிலோ ஆனியிலோ மோசமான வலது கண்ணை முடித்து, அது தெளிந்து, பவர் எவ்வளவு அமைந்தது என்று பார்த்த பிறகு இடது கண்ணுக்குப் போங்கள். சில நாட்களிலேயே வீட்டில் நடமாடலாம். மெஷினில் எப்போது உட்காரலாம் என்பதை மருத்துவர் கண்ணைப் பார்த்துச் சொல்வார். கண்ணாடியின் இறுதிப் பவரை 4 முதல் 6 வாரம் கழித்தே எழுதுவார்கள். அதுவரை காஜா போன்ற நுண்ணிய வேலையை உதவியாளரிடம் விடுங்கள். சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள்.

அறுவைக்குப் பிறகு வலி கூடினாலோ, கண் சிவந்து பார்வை மங்கினாலோ, திடீரென்று மின்னல் போலவும் கரும்புள்ளிகளாகவும் தெரிந்தாலோ, மறுபரிசோதனை நாள் வரட்டும் என்று இருக்க வேண்டாம். சர்க்கரை உள்ள கண்ணில் தொற்று மிக விரைவாகப் பரவும். ஞாயிறோ பண்டிகையோ, அன்றைக்கே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.